பெங்களூரில் நழுவிய நியமனம்

திண்டுக்கல் என்றதும் நம் நினைவுக்கு வருவன பல. நகரை நோக்கி நிற்கும் பாறையும் அதன் மேலமைந்த கோட்டையும். மைசூர் அரசின் பவுஜ்தாராக 1755ஆம் ஆண்டில் இங்கு வந்தமர்ந்து தம் வாழ்வின் ஏற்றத்தைத் தொடங்கிய ஹைதர் அலி. அவர் குடும்பத்துப் பெண்மணியின் நினைவைத் தாங்கி நிற்கும் பேகம்பூர். பூட்டும் புகையிலையும் தோல் பதனிடும் தொழிலும். மதுரை மாவட்டத்திலிருந்து 1985இல் பிரிக்கப்பட்ட பின்னர் காயிதே மில்லத் அவர்களின் திருப்பெயரையும் இம்மாவட்டம் சிறிது காலம் தாங்கியிருந்தது. அரசியல் பேசுவோரிடம் கேட்டால், அவர்கள் முதலில் சொல்வது 1973ஆம் ஆண்டு மே மாதத்தில் நடந்த நாடாளுமன்ற இடைத்தேர்தலைத்தான். இரட்டை இலைச் சின்னம் முதன்முதலாக வாக்குச் சீட்டில் அச்சேறியதும், ஏழே மாதக் குழந்தையாக இருந்த ஒரு கட்சி ஆளுங்கட்சியை வீழ்த்தியதும் அந்தத் தேர்தலில்தான்.

வென்றவரைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். அத்தேர்தலில் இரண்டாவதாக வந்தது ஒரு காங்கிரஸ். பிணைத்தொகையைப் பறிகொடுத்ததும் ஒரு காங்கிரஸ். ஒரே பெயரைத் தாங்கிய இரு கட்சிகள் திண்டுக்கல் சமவெளியில் ஒன்றையொன்று எதிர்த்து நின்றது ஏன் என்று கேட்போர் குறைவு. அக்கேள்விக்கு விடை தேடினால், நாம் நான்கு ஆண்டுகள் பின்னோக்கிச் சென்று பெங்களூரில் எட்டுப் பேர் கூடியிருந்த ஓர் அறையின் வாயிலில் நிற்க வேண்டும். அங்கே முடிவு செய்யப்பட்டது ஒரே ஒரு செய்தி: குடியரசுத் தலைவர் பதவிக்குக் காங்கிரஸ் யாரை நிறுத்துவது? அந்த நியமனத்தை எதிர்பார்த்திருந்த ஒருவருக்கு அது கிட்டவில்லை. பிரதமர் முன்மொழிந்த இன்னொருவருக்கும் கிட்டவில்லை. கிட்டியவருக்கோ பதவி கிட்டவில்லை. இம்மூன்று ஏமாற்றங்களின் வரலாற்றையே இங்கு எழுதப் புகுகின்றோம்.

ஜாகிர் ஹுசைனின் மறைவு

1969ஆம் ஆண்டு மே திங்கள் 3ஆம் நாள் டாக்டர் ஜாகிர் ஹுசைன் காலமானார். பதவியிலிருக்கும்போதே மறைந்த முதல் குடியரசுத் தலைவர் அவர். ஜாமிஆ மில்லிய்யாவைத் தம் உழைப்பால் வளர்த்த அந்தக் கல்வியாளர், அதே ஜாமிஆவின் மண்ணில் அடக்கம் செய்யப்பட்டார். நாடெங்கும் முஸ்லிம் இல்லங்களில் அன்று நிலவிய துயரத்தை மூத்தோர் இன்றும் நினைவுகூர்வர்.

அவர் அப்பதவிக்கு வந்ததும் போராட்டமின்றி நிகழ்ந்ததன்று. 1967இல் டாக்டர் ராதாகிருஷ்ணனே தொடர வேண்டும் என்பது காங்கிரஸ் தலைவராயிருந்த காமராஜரின் விருப்பம். துணைத் தலைவராயிருந்த ஜாகிர் ஹுசைன் வரவேண்டும் என்பது பிரதமர் இந்திரா காந்தியின் விருப்பம். பிரதமரின் விருப்பமே நிறைவேறிற்று. எதிர்க்கட்சிகள், உச்சநீதிமன்றத்தின் தலைமை நீதிபதிப் பதவியைத் துறந்து வந்த கோகா சுப்பாராவை நிறுத்தின. ஜாகிர் ஹுசைன் 4,71,244 வாக்குகளும் சுப்பாராவ் 3,63,971 வாக்குகளும் பெற்றனர்.

அந்த 1967ஆம் ஆண்டை நாம் சற்று நின்று நோக்க வேண்டும். அதற்கு முன்னர் நடந்த பொதுத்தேர்தல்களிலெல்லாம் பெரும்பலத்துடன் வென்ற காங்கிரஸ், அவ்வாண்டு மக்களவையில் 283 இடங்களோடு தேங்கிற்று. பல மாநிலங்கள் அதன் கையைவிட்டுப் போயின. தமிழகத்தில் தி.மு.கழகம் ஆட்சிக்கு வந்தது. காமராஜரே விருதுநகரில் தோற்றார். அடுத்த தேர்தலில் எக்கட்சிக்கும் பெரும்பான்மை கிட்டாமற் போனால் யாரைப் பிரதமராக அழைப்பது என்பதைக் குடியரசுத் தலைவரே முடிவு செய்ய வேண்டிவரும். ஆகவே அதுவரை மரியாதைப் பதவியாகக் கருதப்பட்ட ஒன்று, திடீரென்று அதிகாரத்தின் திறவுகோலாகத் தோன்றலாயிற்று. ஜாகிர் ஹுசைனின் மறைவுக்குப் பின் நேர்ந்த போட்டியின் வெப்பத்துக்குக் காரணம் இதுவே.

நியமனத்தை எதிர்பார்த்தவர்

குடியரசுத் தலைவர் மறைந்தால் துணைத் தலைவர் அப்பொறுப்பை ஏற்று நடத்துவார் என்பது அரசியல் சட்டம். அவ்வாறு பொறுப்பேற்றவர் வராககிரி வேங்கட கிரி.

1894இல் பெர்ஹாம்பூரில் பிறந்த கிரி, சட்டம் பயில அயர்லாந்தின் டப்ளின் நகருக்குச் சென்றவர். அங்கே ஐரிஷ் விடுதலை இயக்கத்தாரோடு கொண்ட தொடர்பால் 1916இல் அந்நாட்டை விட்டு வெளியேற்றப்பட்டார். தாயகம் திரும்பி ரயில்வே தொழிலாளரை ஒன்று திரட்டினார். 1937இல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி அமைத்த அமைச்சரவையில் தொழிலாளர் நலத்துறையை ஏற்றார். சுதந்திரத்துக்குப் பின் இலங்கையில் இந்தியத் தூதராகப் பணியாற்றினார். 1952இல் மத்தியத் தொழிலாளர் அமைச்சரானார். வங்கி ஊழியரின் ஊதியம் பற்றி நடுவர் மன்றம் அளித்த தீர்ப்பை அரசு மாற்றியபோது, அதனை ஏற்க மனமின்றி 1954இல் பதவி விலகினார். பின்னர் உத்தரப் பிரதேசம், கேரளம், மைசூர் ஆகிய மாநிலங்களின் ஆளுநராக இருந்து 1967இல் துணைத் தலைவரானார்.

இத்தகையவர், நியமனம் தமக்கே வரும் என்று எதிர்பார்த்ததில் வியப்பில்லை. ராதாகிருஷ்ணனும் ஜாகிர் ஹுசைனும் துணைத் தலைவராயிருந்தே தலைவரானவர்கள். இருமுறை நிகழ்ந்தது மூன்றாம் முறையும் நிகழும் என்று அவர் நம்பினார். ஆயினும் வழக்கம் வேறு, உரிமை வேறு. கட்சியின் மேலிடத்தில் இருந்தோர் வேறொருவரை எண்ணியிருந்தனர்.

நியமனம் கைநழுவுவது அப்பதவியின் வரலாற்றில் புதியதன்று. குடியரசு பிறக்குமுன்னரே முதல் ஏமாற்றம் ஒரு தமிழருக்கு நேர்ந்தது. கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜியே முதல் குடியரசுத் தலைவராக வேண்டும் என்று நேரு விரும்பினார். ஆனால், 1942ஆம் ஆண்டின் 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் அவர் சேரவில்லை என்பதைக் காங்கிரஸார் மறக்கவில்லை. எதிர்ப்பு வலுத்தது. 1950இல் ராஜேந்திர பிரசாத் தலைவரானார். பிரதமரின் விருப்பம் ஒன்றே போதாது என்பதை நாடு அன்றே கண்டது. ஆனால் நேரு அத்தோல்வியை ஏற்றுக்கொண்டார். அவர் மகளோ ஏற்றுக்கொள்ளவில்லை. 1969இன் கதை முழுவதும் இவ்வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது.

எட்டுப் பேர் கூடிய அறை

1969 ஜூலையில் அகில இந்தியக் காங்கிரஸ் கமிட்டி பெங்களூரில் கூடிற்று. வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் கட்சியின் ஆட்சிமன்றக் குழுவுக்கு உரியது. குழுவில் எண்மர் இருந்தனர்: காங்கிரஸ் தலைவர் நிஜலிங்கப்பா, பிரதமர் இந்திரா காந்தி, மொரார்ஜி தேசாய், காமராஜர், எஸ்.கே. பாட்டீல், ஒய்.பி. சவான், ஜகஜீவன்ராம், பக்ருத்தீன் அலி அஹ்மத்.

மூத்த தலைவர்களின் அணி மக்களவைத் தலைவர் நீலம் சஞ்சீவ ரெட்டியின் பெயரை முன்வைத்தது. ஆந்திரப் பிரதேசத்தின் முதல் முதலமைச்சராகவும் காங்கிரஸ் தலைவராகவும் இருந்தவர் அவர். பிரதமருக்கு அவரிடம் நம்பிக்கையில்லை. கிரி பிரதமருக்கு ஏற்புடையவரே எனினும், குழுவில் அவர் முன்மொழிந்தது ஜகஜீவன்ராமின் பெயரையே. காந்தியடிகள் பிறந்த நூற்றாண்டு விழா ஆண்டு அது. தாழ்த்தப்பட்ட சமுதாயத்தில் பிறந்த ஒருவரை நாட்டின் முதற் குடிமகனாக்குவது அண்ணலுக்குச் செய்யும் உரிய மரியாதை என்பது வாதம். வாதத்தில் பொருளிருந்தது, ஆனால் குழுவில் வலுவில்லை.

ஜூலை 12ஆம் நாள் வாக்கெடுப்பு நடந்தது. ரெட்டிக்கு மொரார்ஜி, பாட்டீல், காமராஜர், சவான் ஆகிய நால்வர். ஜகஜீவன்ராமுக்கு இந்திரா காந்தியும் பக்ருத்தீன் அலி அஹ்மதும். ஜகஜீவன்ராமும் நிஜலிங்கப்பாவும் வாக்களிக்கவில்லை. பிரதமரின் பக்கம் நிற்பார் என்று கருதப்பட்ட சவான் மறுபக்கம் நின்றதே முடிவைத் தீர்மானித்தது. ஒரு நாட்டின் பிரதமர், தம் கட்சியின் குழுவிலேயே நான்குக்கு இரண்டு என்று தோற்றார். கிரியின் பெயரோ வாக்கெடுப்புக்கே வரவில்லை.

மறுநாளே கிரி அறிவித்தார், தாம் சுயேச்சையாக நிற்பதாக.

பத்து நாட்களின் வேகம்

அதன்பின் நிகழ்ந்தவை மின்னல் வேகத்தில் நிகழ்ந்தன. ஜூலை 16ஆம் நாள் மொரார்ஜியிடமிருந்து நிதித்துறை பறிக்கப்பட்டது; அவர் பதவி விலகினார். ஜூலை 19ஆம் நாள் 14 பெரிய வங்கிகளை நாட்டுடைமையாக்கும் அவசரச் சட்டம் பிறந்தது. அதில் கையொப்பமிட்டவர், பொறுப்புத் தலைவராயிருந்த கிரிதான். வங்கி ஊழியருக்காக 1954இல் அமைச்சர் பதவியைத் துறந்தவர், 1969இல் வங்கிகளையே அரசுடைமையாக்கும் ஆணையில் ஒப்பமிட்டார். மறுநாள் துணைத் தலைவர் பதவியையும், அதனோடு பொறுப்புத் தலைவர் பதவியையும் துறந்து தேர்தல் களத்தில் இறங்கினார்.

தலைவரும் இல்லை, துணைத் தலைவரும் இல்லை என்ற நிலை குடியரசில் முதன்முறையாக ஏற்பட்டது. இப்படியொரு நிலை வருமென எண்ணி நாடாளுமன்றம் அவ்வாண்டு மே மாதத்திலேயே சட்டம் இயற்றியிருந்தது. அச்சட்டப்படி உச்சநீதிமன்றத் தலைமை நீதிபதி முஹம்மது ஹிதாயத்துல்லாஹ், ஜூலை 20 முதல் ஆகஸ்ட் 24 வரை குடியரசுத் தலைவரின் பொறுப்பை வகித்தார். உச்சநீதிமன்றத்துக்குத் தலைமை வகித்த முதல் முஸ்லிமும் அவரே. அந்த 35 நாட்களில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் நிக்சன் டில்லிக்கு வந்தார்; அவரை நாட்டின் தலைவராக நின்று வரவேற்றவர் ஹிதாயத்துல்லாஹ். கட்சிகள் ஒன்றையொன்று கிழித்துக்கொண்டிருந்த வேளையில், அவர் எவர் பக்கமும் சாயாமல் பதவியின் கண்ணியத்தைக் காத்து, உரிய நாளில் ஒப்படைத்துச் சென்றார். இவ்வரலாற்றில் நாம் நிம்மதியோடு வாசிக்கக் கூடிய பகுதி இது ஒன்றே எனலாம்.

மனச்சாட்சி என்னும் சொல்

சஞ்சீவ ரெட்டியின் வேட்புமனுவை முன்மொழிந்து கையொப்பமிட்டவர் இந்திரா காந்தியே. ஆனால் அவர் ரெட்டிக்காக உழைக்கவில்லை. நிஜலிங்கப்பா, கிரி முந்திவிடுவாரோ என்ற கவலையில் ஜனசங்கம், சுதந்திரா ஆகிய கட்சிகளின் தலைவர்களோடு பேசினார். அக்கட்சிகளின் வேட்பாளர், முன்னாள் நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக். அவருக்கு முதல் விருப்பு வாக்களிப்போர் தம் இரண்டாம் விருப்பை ரெட்டிக்கு அளிக்க வேண்டும் என்பதே அவர் நாடியது.

இதுவே பிரதமரின் அணிக்கு ஆயுதமாயிற்று. ஜனசங்கத்தின் கதவைத் தட்டியது ஏன் என்று ஜகஜீவன்ராமும் பக்ருத்தீன் அலி அஹ்மதும் நிஜலிங்கப்பாவுக்கு எழுதிக் கேட்டனர். கட்சிக் கொறடாவின் ஆணையைப் பிறப்பிக்குமாறு நிஜலிங்கப்பா கேட்க, பிரதமர் மறுத்தார். இறுதியில் வாக்களிப்பதற்கு முந்திய நாள், ஒவ்வோர் உறுப்பினரும் தம் மனச்சாட்சிப்படி வாக்களிக்கலாம் என்னும் அறைகூவல் எழுந்தது.

முஸ்லிம் லீகின் நிலை என்ன? கண்ணியத்துக்குரிய காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் தலைமையிலிருந்த லீக், கிரியை ஆதரித்தது. தி.மு.கழகம், இரு கம்யூனிஸ்ட் கட்சிகள், அகாலி தளம் ஆகியவையும் அவரையே ஆதரித்தன. லீகின் முடிவை வெறும் கூட்டணிக் கணக்காகப் பார்ப்பது பொருந்தாது. ஜனசங்கத்தின் இரண்டாம் விருப்பு வாக்கில் வென்று வரும் ஒருவர் நாட்டின் தலைவராக இருப்பதைவிட, தொழிலாளர் மேடையில் வளர்ந்த ஒருவர் இருப்பது சிறுபான்மையினருக்கு நல்லது என்று எண்ணுவதற்கு அன்று நியாயமிருந்தது.

கணக்கு சொல்லும் செய்தி

ஆகஸ்ட் 16ஆம் நாள் வாக்களிப்பு. 20ஆம் நாள் எண்ணிக்கை. இத்தேர்தலில் மக்கள் நேராக வாக்களிப்பதில்லை. நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களே வாக்களிக்கின்றனர். மாநிலத்தின் மக்கள் தொகைக்கேற்ப ஒவ்வொரு சட்டமன்ற உறுப்பினரின் வாக்குக்கும் ஒரு மதிப்புண்டு. 1961ஆம் ஆண்டுக் கணக்கின்படி தமிழகச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் வாக்கு 144 எனக் கணக்கிடப்பட்டது, கேரளத்தில் 127. நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் வாக்கு 576.

களத்தில் 15 பேர் இருந்தனர். செல்லுபடியான வாக்குகளின் மதிப்பு 8,36,337. வெற்றிக்கு வேண்டியது 4,18,169. முதல் விருப்பு வாக்குகளில் கிரி 4,01,515, ரெட்டி 3,13,548, தேஷ்முக் 1,12,769. கிரிக்கு இன்னும் 16,654 வேண்டும். ஏனையோர் ஒவ்வொருவராக நீக்கப்பட்டு, அவர்தம் வாக்குச் சீட்டுகளில் குறிக்கப்பட்ட அடுத்த விருப்பு எண்ணப்பட்டது. தேஷ்முக்கின் வாக்குகளில் மிகப்பெரும் பகுதி, நிஜலிங்கப்பா நாடியபடியே ரெட்டிக்குத்தான் சென்றது. ஆயினும் போதவில்லை. முடிவில் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. வேறுபாடு 14,650. நாடு அதுவரை கண்டிராத நெருக்கமான போட்டி அது.

இக்கணக்கில் நம் பகுதியின் பங்கு எவ்வளவு? 1967இல் திண்டுக்கல் நாடாளுமன்றத் தொகுதியைத் தி.மு.கழகம் வென்றிருந்தது, திண்டுக்கல் சட்டமன்றத் தொகுதியை மார்க்சிஸ்ட் கட்சி வென்றிருந்தது. இரண்டும் கிரியை ஆதரித்த கட்சிகள். இரு உறுப்பினர்க்கும் உரிய மதிப்பைக் கூட்டினால் 720. மறைவு வாக்கு என்பதால் தனியொருவர் எவருக்கு வாக்களித்தார் என்று எவரும் சொல்வதற்கில்லை. கட்சிகளின் நிலையை மட்டுமே சொல்லலாம்.

இன்னும் சற்று விரித்துப் பார்ப்போம். 1967இல் தி.மு.கழகம் வென்ற 137 சட்டமன்ற இடங்களும் 25 மக்களவை இடங்களும் சேர்ந்து 34,128 மதிப்புடையவை. இரு வேட்பாளர்க்கும் இடையே இருந்த வேறுபாடு அதில் பாதிகூட இல்லை. தி.மு.கழகம் மறுபக்கம் திரும்பியிருந்தால் ரெட்டியே வென்றிருப்பார். லீக் கேரளத்தில் வென்ற 14 சட்டமன்ற இடங்களும், அதன் 2 மக்களவை இடங்களும் 2,930 மதிப்புடையவை. தேவையான எல்லையைக் கிரி தாண்டியது 1,908 வாக்குகளால். லீகின் வாக்குகள் மட்டுமே மாறியிருந்தால் முடிவு மாறியிருக்காது. கிரியே முன்னிலையில் இருந்திருப்பார். ஆனால் அவர் அந்த எல்லையைத் தொட்டிருக்க மாட்டார். சிறிய கட்சியின் வாக்குக்கு உள்ள மதிப்பை மிகைப்படுத்தவும் வேண்டா, குறைத்து எண்ணவும் வேண்டா. கணக்கு சொல்லும் அளவுக்கே அது மதிப்புடையது. அந்த அளவே மதிக்கத்தக்கதாக இருந்தது.

திண்டுக்கல் கண்ட பிளவு

கிரி ஆகஸ்ட் 24ஆம் நாள் பதவியேற்றார். நவம்பர் 12ஆம் நாள், கட்டுப்பாட்டை மீறினார் என்று இந்திரா காந்தியைக் கட்சியிலிருந்து விலக்கினார் நிஜலிங்கப்பா. நாடாளுமன்ற உறுப்பினரில் பெரும்பாலோர் பிரதமரோடு சென்றனர். தமிழகத்தில் மட்டும் காட்சி வேறாக இருந்தது. இங்கே காங்கிரஸ் என்றால் காமராஜர். தொண்டர்கள் அவருடைய ஸ்தாபன காங்கிரஸிலேயே நின்றனர். 1971 பொதுத்தேர்தலில் இந்திரா காங்கிரஸ் தி.மு.கழகத்தோடு உறவு கொண்டு, தமிழகத்தில் 9 மக்களவை இடங்களில் மட்டும் நின்றது; சட்டமன்றத்துக்கு ஓர் இடத்திலும் நிற்கவில்லை. அதே அணியில் நின்ற லீக், திண்டுக்கல்லுக்கு அண்டைத் தொகுதியாகிய பெரியகுளத்தில் எஸ்.எம். முஹம்மது ஷரீப் சாஹிபை மக்களவைக்கு அனுப்பியது. ஸ்தாபன காங்கிரஸில் தமிழகத்திலிருந்து வென்றவர் நாகர்கோவிலில் நின்ற காமராஜர் ஒருவரே.

பின்னர் திண்டுக்கல்லின் மக்களவை உறுப்பினர் மறைந்ததால் 1973இல் இடைத்தேர்தல் வந்தது. அதற்குள் தி.மு.கழகமும் பிளந்திருந்தது. எம்.ஜி.ஆரின் அ.தி.மு.க. 1972 அக்டோபரில் பிறந்தது. அதன் வேட்பாளர் மாயத்தேவர் 2 லட்சத்து 60 ஆயிரத்துக்கு மேல் பெற்று வென்றார். ஸ்தாபன காங்கிரஸின் என்.எஸ்.வி. சித்தன் ஏறத்தாழ 1 லட்சத்து 19 ஆயிரம் பெற்று இரண்டாம் இடத்தில் நின்றார். ஆளுங்கட்சியாகிய தி.மு.கழகம் சுமார் 93 ஆயிரத்தோடு மூன்றாவதாயிற்று. டில்லியை ஆண்ட இந்திரா காங்கிரஸுக்குக் கிடைத்தது 11 ஆயிரத்தைச் சற்றே தாண்டிய வாக்குகள்.

இரு காங்கிரஸும் ஒன்றாக நின்றிருந்தால் திண்டுக்கல்லில் வென்றிருக்குமா? வென்றிருக்காது. இரண்டையும் கூட்டினாலும் வென்றவர் பெற்றதில் பாதியளவே வருகிறது. ஆகவே பெங்களூர் முடிவுதான் திண்டுக்கல் தோல்விக்குக் காரணம் என்று சொல்வது கணக்குக்கு ஒவ்வாது. நாம் சொல்லக்கூடியது இவ்வளவே: தி.மு.கழகம் பிளந்து, மாற்றுக்கட்சி ஒன்றை மக்கள் தேடிய வேளையில், அவ்விடத்தை நிரப்பும் வலிமை காங்கிரஸிடம் இல்லாமற் போனது. டில்லியின் ஆட்சி ஒரு காங்கிரஸிடமும், தமிழகத்தின் தொண்டர்கள் மற்றொரு காங்கிரஸிடமும் இருந்தனர். 1967இல் இழந்த தமிழக ஆட்சியைக் காங்கிரஸ் அதன்பின் பெறவேயில்லை.

எவர் வென்றார்?

1969ஆம் ஆண்டின் தீர்ப்பை நாம் அந்த ஆண்டோடு நிறுத்திக்கொண்டால், நல்லோர் வென்றனர் என்று எழுதிவிட்டுப் போகலாம். வரலாறு அவ்விடத்தில் நிற்கவில்லை.

ஆட்சிமன்றக் குழுவில் பிரதமரோடு நின்ற பக்ருத்தீன் அலி அஹ்மத், 1974இல் காங்கிரஸ் வேட்பாளராகிக் குடியரசுத் தலைவரானார். இரண்டாவது முஸ்லிம் குடியரசுத் தலைவர் என்று சமுதாயம் மகிழ்ந்தது. 1975 ஜூன் 25ஆம் நாள் இரவு நெருக்கடி நிலைப் பிரகடனம் அவர் முன் வைக்கப்பட்டது. அமைச்சரவை அதனை அப்போது பார்த்திருக்கவில்லை. மறுநாள் காலையில்தான் ஒப்புதல் அளித்தது. அவர் கையொப்பமிட்டார். மனச்சாட்சிப்படி வாக்களிக்க 1969இல் அழைத்தவர்கள் கொண்டுவந்த தாளில், மனச்சாட்சிக்கு இடமே வைக்கப்படவில்லை. எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறைக்குச் சென்றனர். அவ்வாண்டு அக்டோபர் 2ஆம் நாள் காமராஜர் மறைந்தார். 1969இல் கிரியைக் கரையேற்றிய தி.மு.கழகத்தின் ஆட்சி, 1976 ஜனவரி 31ஆம் நாள் கலைக்கப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரலில் பழைய டில்லியின் துர்க்மான் கேட் பகுதியில் முஸ்லிம்களின் வீடுகள் இடிக்கப்பட்டு, துப்பாக்கிச் சூடும் நிகழ்ந்தது. நெருக்கடி நிலை நீடிக்கையிலேயே, 1977 பிப்ரவரியில் பக்ருத்தீன் அலி அஹ்மத் பதவியிலேயே காலமானார்.

மறைந்தவரைக் குறைகூறுவதற்காக இதனை எழுதவில்லை. நம் சமுதாயத்தவர் ஒருவர் உயர்பதவியில் அமர்வது வேறு. அப்பதவி உரிய வேளையில் உரியதைச் செய்வது வேறு. முன்னதைக் கண்டு மகிழ்ந்து, பின்னதைக் கேட்க மறந்துவிடுகின்றோம். ஹிதாயத்துல்லாஹ்வின் 35 நாட்களையும் இந்த ஓர் இரவையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இது விளங்கும். பிற்காலத்தில், 1978ஆம் ஆண்டின் 44ஆவது திருத்தம், அமைச்சரவையின் எழுத்து மூலமான முடிவின்றி இத்தகைய பிரகடனம் கூடாது என்று விதித்தது.

மற்றவர்கள் என்ன ஆயினர்? ஜகஜீவன்ராம் 1977இல் இந்திரா காந்தியைப் பிரிந்து தனிக்கட்சி கண்டார். குடியரசுத் தலைவர் பதவியோ பிரதமர் பதவியோ அவருக்கு வாய்க்கவேயில்லை. தாழ்த்தப்பட்ட சமுதாயத்தினர் ஒருவர் அப்பதவியில் அமர, கே.ஆர். நாராயணன் வெற்றி பெற்ற 1997ஆம் ஆண்டு வரை நாடு காத்திருக்க வேண்டியதாயிற்று. 1969இல் தோற்ற சஞ்சீவ ரெட்டி 1977இல் போட்டியின்றியே குடியரசுத் தலைவரானார். கிரியின் தேர்தலை எதிர்த்து உச்சநீதிமன்றத்தில் வழக்கு நடந்தபோது, பதவியிலிருந்த அவரே நேரில் வந்து சாட்சியம் அளித்தார். 1970இல் வழக்கு தள்ளுபடியானது. ஆயினும் 1974இல் இரண்டாம் முறை நியமனம் அவருக்கு வரவில்லை. அவர் 1980இல் சென்னையில் காலமானார்.

நியமனத்துக்காக முயல்வதும் ஏமாறுவதும் அதன் பின்னரும் ஓயவில்லை. 2012இல் பி.ஏ. சங்மா தம் கட்சியின் விருப்பத்துக்கு மாறாக நின்று, பிரணாப் முகர்ஜியிடம் தோற்றார். அதே ஆண்டில் சிலர் மீண்டும் முன்மொழிந்த ஒரு பெயர் ராமேசுவரத்து அப்துல் கலாமுடையது. 2002இல் 9,22,884 வாக்குகளோடு வென்றவர் அவர். போதிய ஆதரவில்லை என்பதைக் கண்டு, இம்முறை நிற்கப் போவதில்லை என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டார்.

நம் இளைஞர்களுக்கு இவ்வரலாற்றை எடுத்துரைக்கும் பெரியோர், பெயர்களையும் நாட்களையும் சொல்வதோடு நிறுத்திவிடக் கூடாது. நாம் அனுப்பும் உறுப்பினர் நம் பெயரால் அளிக்கும் வாக்குகளில் நாம் காணாத வாக்கு ஒன்றுண்டு. குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு அது. திண்டுக்கல் கடைவீதியில் வாக்குக் கேட்டு வருவோரிடம் சாலையும் தண்ணீரும் கேட்பது நம் உரிமை. அதனோடு, அந்த வாக்கை எவ்வாறு பயன்படுத்துவீர் என்று கேட்பதும் நம் உரிமையே. அக்கேள்வியைக் கேட்கும் பழக்கம் நம்மிடம் வளர அல்லாஹ் அருள் புரிவானாக!